அரை இடம்

என் தவிலை அரை இடம் நகர்த்திவிட்டார்கள்.

தவிலைத் தூக்கி நகர்த்தவில்லை. அது பின் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. என் ஆள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் சொல்வது வாசிப்பை. ஒல்லாந்து தேசத்தில் வைத்து நகர்த்தினார்கள். ரெக்கார்டில் ஏற்றினார்கள். உலகம் முழுக்கப் போய்விட்டது.

நீங்கள் முதலில் அந்த ஜன்னல் கம்பியில் தட்டுவதை நிறுத்துங்கள் தம்பி. நான் பூந்தோட்டத்தில் ஏறியதிலிருந்து பார்க்கிறேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தட்டுகிறீர்கள். பாட்டு எனக்குக் கேட்கவில்லை, தட்டு மட்டும் கேட்கிறது. அதாவது ஒழுங்காக விழுந்தால் நான் ஏன் வாயைத் திறக்கிறேன். அதைக் கழற்றுங்கள். திருவாரூர் போக முக்கால் மணி நேரம் ஆகும். நன்னிலத்தில் வேறு நிறுத்திவிடுவான். கேளுங்கள்.

ஒல்லாந்தர் என்றால் தெரியுமா. நாகப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். அவர்கள் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷம் ஆனி மாசம் நாலு பேர் திரும்பி வந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். யாருக்கும் இருபத்துமூன்று வயதுக்கு மேல் இல்லை. அந்தக் காலத்தில் வந்தவர்கள் ஊரைப் பிடித்தார்கள். இவர்கள் என் அரை இடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பாட்டுக் கோஷ்டி. ராக் என்கிறார்களே, அது. அதிலும் ஒரு தனிச் சாதியாம். மூன்று நிமிஷத்தில் முடிக்க மாட்டார்கள். ஒரு பாட்டு இருபத்திரண்டு நிமிஷம். எட்டு நிமிஷம் வரைக்கும் ஒரு சொல் கிடையாது. பிறகு ஒரு பையன் அழுகிறான். பாடுகிறான் என்றுதான் சொன்னார்கள். அவன் பேர் யூப். முழங்கால் தெரியக் கிழிந்த கால்சட்டை, மூக்கில் வளையம். தாளமெல்லாம் ஏழு, ஐந்து, பதினொன்று என்று வைத்திருந்தார்கள். அது மட்டும் எனக்குப் பிடித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கூட்டிக்கொண்டு வந்தவன் சேவியர். நாகப்பட்டினத்தில் கார் ஓட்டுகிறவன். இங்கிலீஷ் பேசுவான். கோட்டைக் கல்லறையைக் காட்டக் கூட்டிப்போனவன், வழியில் ஒரு கோயில் புறப்பாட்டில் என் வாசிப்பைக் காட்டிவிட்டான். அந்தப் பெண் ட்ரம் வாசிக்கிறவள். பேர் ஃபெம்கே. புழுதியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாமி நகர்ந்தது, அவள் நகரவில்லை. மறுநாள் காலையில் நாலு பேரும் என் வீட்டு வாசலில்.

"அய்யா, இவங்க ஒரு ஆல்பம் பண்றாங்க. அதுல நீங்க தனி வாசிக்கணுமாம்" என்றான் சேவியர்.

"என்ன பாட்டு?"

"பாட்டு இல்லய்யா. கதை. அந்த யூப்போட ஊர்க் கதை. கடலுக்குப் பக்கத்துல ஊர், கடலைவிடத் தாழ்வா இருக்குமாம். நாலு மதகு. ஒரு புயல்ல மூணு மதகு உடைஞ்சிடுச்சு. நாலாவது நின்னுடுச்சு. ஊர் பொழச்சுது. ஆல்பத்துக்குப் பேரே நாலாவது மதகுதான். அந்த மதகு நிக்கிற இடத்துல உங்க தவில்."

மதகு என்றால் எனக்குத் தெரியாதா. ஆற்றோரத்தில் பிறந்தவன். சரி என்றேன்.

ஏழு எண்ணிக்கை. அரை இடம் தள்ளி எடுப்பு. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தாளத்தின் முதல் தட்டு விழும், அது சமம். எல்லாரும் அந்தத் தட்டிலேயே ஆரம்பிப்பார்கள். நான் ஆரம்பிக்க மாட்டேன். தட்டு விழுந்த பிறகு அரை எண்ணிக்கை சும்மா இருப்பேன். அப்புறம் எடுப்பேன். அந்தச் சும்மா இருப்பதுதான் வித்தை. எங்கெங்கேயோ போய்விட்டு, கடைசி அடியைக் கொண்டுவந்து சரியாகச் சமத்தில் வைப்பேன். தேர் நிலைக்கு வந்து நிற்கிற மாதிரி. மதகுப் பலகை இறங்கி உட்கார்கிற மாதிரி. அதுதான் அவர்களுக்கு வேண்டியது. அதைத்தான் கொடுத்தேன்.

கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோ. அம்மன் பாட்டு ரெக்கார்டு செய்கிற இடம். நாலு பக்கமும் கோணிச் சாக்கு மாதிரி எதையோ ஒட்டியிருந்தார்கள். என் காதில் ஹெட்போன் மாட்ட வந்தார்கள். உள்ளே டிக், டிக் என்று ஒரு இயந்திரம் தாளம் போடுமாம். அதைக் கேட்டு வாசிக்க வேண்டுமாம்.

"எடுத்துட்டுப் போ. மெஷினுக்கு வாசிக்கிறவன் நான் இல்லே. என் தாளம் என்கூட வந்திருக்கு" என்றேன்.

தாளம் என்றால் ஆள். எங்கள் மேளத்தில் நாகசுரம், தவில், அப்புறம் ஜால்ரா தட்டுகிறவன் ஒருத்தன். அவனைத் தாளம் என்றுதான் கூப்பிடுவோம். அதோ, திரும்பிப் பாருங்கள். மஞ்சள் துண்டு. அவனேதான். முப்பத்தொரு வருஷமாக என் இடது பக்கம் நிற்கிறான். எனக்கு எழுபது, அவனுக்கு அறுபது இருக்கும். பேச மாட்டான். பேசினாலும் நான் விட மாட்டேன்.

ஹெட்போனை அவன் காதில் மாட்டினார்கள். அவன் டிக் டிக் கேட்டு ஜால்ரா தட்டினான். நான் அவன் ஜால்ராவைக் கேட்டு வாசித்தேன். முதலில் ஒரு ஆவர்த்தனம், ஏழு தட்டு, அவன் மட்டும். எட்டாவது தட்டு சமம். அரை எண்ணிக்கை மௌனம். பிறகு நான். இரண்டரை நிமிஷம். ஒரே டேக்கில் கொடுத்தேன். விரலில் மாட்டியிருந்த கூடுகளைக் கழற்றும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பையன்களும் கை தட்டினார்கள். அந்தப் பெண் தட்டவில்லை. வாசிப்பு முழுக்க அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டு தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல். தவில் இங்கே இருக்கிறது, அங்கே என்ன பார்வை.

அப்புறம் ஸ்டூடியோக்காரன் போட்டுக் காட்டினான். ஆரம்பத்தில் சிங், சிங் என்று ஜால்ரா. எனக்குச் சகிக்கவில்லை.

"இது எதுக்கு? வெட்டு. ஜால்ராவை மொத்தமா எடுத்துடு. என் முதல் அடியிலேர்ந்து ஆரம்பிக்கட்டும்."

"கவுண்ட் இருந்தா அவங்களுக்கு வசதியா இருக்குங்கய்யா" என்றான்.

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

என் தாளம் ஹெட்போனைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். "அண்ணே, முன்னாடி அது இருக்கட்டும்ணே. இல்லாட்டி சமம் எங்கன்னு அவங்களுக்கு..."

"நீ உக்காரு."

உட்கார்ந்தான். ஸ்டூடியோக்காரன் வெட்டினான். என் முதல் அடியிலிருந்து சுத்தமாக ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தான். அவர்கள் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள்.

இதில் என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள். கல்யாணப் பந்தலில் யாராவது ஜால்ரா கேட்கவா வருகிறார்கள். பத்திரிகையில் நாகசுரக்காரர் பேர் போடுவார்கள், தவில்காரர் பேர் போடுவார்கள். தாளத்துக்கு யார் பேர் போடுகிறார்கள். சேவியர் கேட்டான், ஆல்பத்தில் போட யார் யார் பேர் என்று. என் பேரைச் சொன்னேன். ஜால்ரா தட்டினவர் என்று இழுத்தான். வேண்டாம் என்றேன். ஜால்ராவே இல்லை, பேர் எதற்கு.

தை மாசம் பார்சல் வந்தது. பெரிய கறுப்புத் தட்டு. ரெக்கார்டுதான். இப்போது மறுபடியும் அதைத்தான் போடுகிறார்களாம், வயசுப் பிள்ளைகள். அட்டையில் தண்ணீர், மதகு, மேலே ஒரு பறவை. பின்பக்கம் பொடி எழுத்தில் சிங்காரவேலு, தவில், பூந்தோட்டம். இந்தத் தட்டைப் போட்டுக் கேட்கிற பெட்டி எங்கள் பக்கத்தில் எவனிடமும் இல்லை. சேவியர், போனிலேயே இருக்கிறது அய்யா, போடட்டுமா என்றான். நான் வாசித்ததை நான் கேட்கணுமா என்றேன். அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நாலு கல்யாணம், இரண்டு கும்பாபிஷேகம். ஒல்லாந்தில் என் வாசிப்பு ஓடுகிறது என்றேன். யார்யாருக்கோ காட்டினேன். பஸ்ஸில்கூடக் காட்டினேன்.

மாசியில் மங்கைநல்லூரில் ஒரு கல்யாணம். இரண்டு செட் மேளம். இன்னொரு செட்டில் தவில் தியாகு. முப்பத்தைந்து வயசு. கை வேகம் உண்டு, அடக்கம் கிடையாது. தாலி கட்டி முடிந்து, சாப்பிட்டுவிட்டு மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லாம் தொழில்காரர்கள். ஒருத்தனுக்கும் காது பொய் சொல்லாது.

"அண்ணன் அட்டையைத்தான் காட்றாரு, பாட்டைக் காட்ட மாட்டேங்குறாரு. நான் போட்டுடறேன்" என்று தியாகு போனை எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்தான். சத்தம் பெரிதாக வரும் என்று.

கிடார், என்னமோ, பையன் அழுகிறான். அப்புறம் என் தவில்.

முதல் அடியே சமத்தில் விழுந்தது.

என் முதல் அடியையே சமம் என்று வைத்துவிட்டார்கள். நான் எடுத்தது அரை இடத்தில். இங்கே தட்டோடு சேர்ந்து விழுகிறது. அவர்கள் ட்ரம் ஒரு இடத்தில் அடிக்கிறது, என் கனமான அடியெல்லாம் அதற்கு நடுவில் விழுகிறது. ஒரு கால் வரப்பிலும் ஒரு கால் வயலிலும் வைத்து நடக்கிறவன் மாதிரி. ஒரு ஆவர்த்தனம் இல்லை, இரண்டு இல்லை. இரண்டரை நிமிஷம். பதினைந்து பேரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஒவ்வொரு கையாக நின்றது. கடைசியில் என் தீர்மானம், அதாவது முடிக்கிற அடுக்கு, சமத்தில் போய் உட்கார வேண்டியது, சமம் வருவதற்கு அரை எண்ணிக்கை முன்னாலேயே முடிந்துவிட்டது. வெறுமையாக. எல்லாரும் வடத்தைப் பிடித்திருக்கும்போது ஒருத்தன் மட்டும் விட்டுவிட்டு ஓடின மாதிரி.

தியாகு டம்ளரிலிருந்து போனை எடுத்துத் துடைத்தான்.

"அண்ணன் அரை இடத்தை ஒல்லாந்துலயே வச்சுட்டு வந்துட்டாரு போல" என்றான்.

ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லாரும். நாகசுரக்காரர் வெற்றிலையைத் துப்புகிற சாக்கில் எழுந்து போய் வெளியே நின்று சிரித்தார்.

என் தாளம் மூலையிலிருந்து சொன்னான். "இது அண்ணன் வாசிப்புதான். ஆனா இடம் மாறியிருக்கு. நான் தட்டின இடம் இது இல்ல."

"வாயை மூடு" என்றேன்.

ஏன் மூடச் சொன்னேன் என்கிறீர்களா. எனக்காக ஜால்ராக்காரன் சாட்சி சொல்லியா நான் பிழைக்க வேண்டும். ஐம்பது வருஷம். லயம் தப்பாதவன் என்று பேர். அதற்கு அவன் கையெழுத்தா.

அந்த மாசியிலிருந்து நான் மேளத்துக்குப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் தோள் வலி என்றேன். பங்குனி போனது. வைகாசி முகூர்த்தமெல்லாம் போனது. தவிலை உறை போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினேன். தோலை இழுத்துக் கட்டிய வாரைத் தளர்த்தக்கூட இல்லை. என் மருமகள் ஒருநாள், மாமா, அது கிழிஞ்சிடும் என்றாள். கிழியட்டும் என்றேன். கடைத்தெருவுக்கே போகவில்லை. போனால் எவனாவது கேட்பான். டீக்கடைக்காரனுக்கு என்ன தெரியும் சமமும் அரை இடமும். ஆனால் என் வாசல் வழியாகப் போகும்போது அவனும் கேட்டான். தியாகு எல்லாப் பந்தலிலும் போட்டுக் காட்டியிருக்கிறான்.

சேவியரை வரச் சொன்னேன். ஒல்லாந்துக்குப் போன் போடு என்றேன். முகம் தெரிகிற போன். நாலு பேரும் தெரிந்தார்கள். கையை ஆட்டினார்கள். நான் சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். உங்கள் கையை வெட்டி அந்த நாலாவது மதகில் போட வேண்டும் என்றேன். உங்கள் பாட்டன்மார் மிளகைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள், நீங்கள் என் மானத்தை எடுத்துக்கொண்டு போனீர்கள் என்றேன். சேவியர் ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் தலையை ஆட்டினார்கள். சிரித்தார்கள். கடைசியில் நாலு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "என்னடா சொன்ன?"

"அய்யா உங்களை எல்லாம் விசாரிச்சாருன்னு சொன்னேன்."

"விசாரிச்சேனா?"

"விசாரிச்சீங்கதானே. கொஞ்சம் சத்தமா."

அவனைத் துரத்திவிட்டேன். மறுநாள் தானே வந்து உள்ளதைச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அந்த யூப் பதில் அனுப்பியிருந்தான். அதைப் படித்துக் காட்டினான். கேளுங்கள் இதை. என் தனி சமத்துக்கு முன்னாலேயே முடிந்ததா, அது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். மதகு படீரென்று விட்டுவிட்டது போல இருந்ததாம். அதனால் கதையையே மாற்றிவிட்டானாம். நாலாவது மதகும் உடைந்தது என்று பாடிவிட்டான். ஊர் மொத்தமும் தண்ணீரில். பெரியவர் எங்களுக்கு உண்மையைச் சொன்னார் என்று நாங்கள் நினைத்தோம் என்று எழுதியிருந்தான்.

அரை எண்ணிக்கை தம்பி. அரை எண்ணிக்கையில் ஒரு ஊரையே மூழ்கடித்துவிட்டான். அவன் பாட்டன் பாட்டி எல்லாரும் பிழைத்த ஊர். என் பேரைச் சொல்லி மூழ்கடித்திருக்கிறான்.

நான் அன்று சாப்பிடவில்லை.

பின் சீட்டில் இருக்கிற இவன் என்ன செய்தான் தெரியுமா. தினமும் வந்தான். வாசலில் உட்காருவான். நான் பேச மாட்டேன். அவனும் பேச மாட்டான். வெயில் ஏறினதும் எழுந்து போய்விடுவான். நான் போகாத மேளத்துக்கு அவனும் போகவில்லை. தியாகு கூப்பிட்டானாம். ஒரு தட்டுக்கூட எனக்கு வேண்டாம் என்றானாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. ஒருநாள் வரவில்லை. மறுநாளும் இல்லை. சரி, இவனும் போய்விட்டான் என்று நினைத்தேன்.

போனது கும்பகோணத்துக்கு.

அந்த ஸ்டூடியோக்காரனிடம் போய் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு ரெக்கார்டு செய்தது, வெட்டாதது, இருக்கிறதா என்று. இருந்தது. எப்படி இருந்தது என்று கேளுங்கள். நான் வெட்டச் சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் ஏறினேன் அல்லவா. இவன் ஜால்ராவை எடுத்துவருகிற சாக்கில் பின்தங்கி, அண்ணன் சொன்னா சொல்லட்டும், நீங்க அழிச்சுடாதீங்க தம்பி, ஓரமா வச்சுக்குங்க என்று சொல்லியிருக்கிறான். என் உத்தரவை மீறி. என் முதுகுக்குப் பின்னால். ஒரு வருஷம் என்னிடம் மூச்சு விடவில்லை. இதற்கே அவனை விலக்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது நாள் நாகப்பட்டினம். சேவியர் வீட்டுக் கார் கொட்டகை. சேவியர்தான் எனக்குச் சொன்னான். அந்தப் பெண் ஃபெம்கேயைப் போனில் கூப்பிடச் சொல்லியிருக்கிறான். இவனுக்கு இங்கிலீஷும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. சேவியரின் இன்னொரு போனில் அந்த ஆல்பத்தைப் போட்டான். என் தவில் வந்ததும் ஜால்ராவை எடுத்து அவர்கள் வைத்திருக்கிற இடத்தில் தட்டிக் காட்டினான். முகத்தைச் சுளித்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். மறுபடி முதலிலிருந்து போட்டான். இந்தத் தடவை ட்ரம்மைக் கேட்காமல் என் அடியை மட்டும் கேட்டு, எங்கே சமம் இருந்ததோ அங்கே தட்டினான். முதல் தட்டு, கையைத் தூக்கி நிறுத்தினான், அரை எண்ணிக்கை, அப்புறம் என் அடி விழுந்தது. கடைசித் தட்டும் என் கடைசி அடியும் ஒன்றாக உட்கார்ந்தன.

அந்தப் பெண் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாளாம்.

அந்த இடத்துக்கு ட்ரம் வாசிக்க நாற்பது தடவை உட்கார்ந்தாளாம். ஒவ்வொரு தடவையும் கால் இடறியதாம். ஆனால் பெரியவர் தப்ப மாட்டார், நமக்குத்தான் தெரியவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டாளாம். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் திட்டியிருப்பேன், அது வேறு. கும்பகோணத்துச் சரக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த யூப் முரண்டு பிடித்தானாம். உடைகிற மதகுதான் அழகு என்றானாம். இவள் விடவில்லை. அது உடைகிற இடம் இல்லை, நிற்கிற இடம், உன் பாட்டி நின்ற இடம் என்றாளாம். ஆடி மாசம் திரும்பவும் பாடி, திரும்பவும் வாசித்து, போனில் இருக்கிற பாட்டை மாற்றிவிட்டார்கள். தட்டும் புதிதாக அடித்தார்கள். ஊர் பிழைத்துவிட்டது.

நான் கேட்டேன். இந்தத் தடவை நானே கேட்டேன். சேவியர் காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

சரியாக இருக்கிறது. குறை சொல்ல முடியாது. கடைசி அடி போய் உட்காரும்போது ட்ரம், கிடார், எல்லாம் ஒன்றாக நிற்கிறது. அப்புறம் தண்ணீர் சத்தம் மட்டும். வெளியில் நிற்கிற தண்ணீர். ஆனால் ஒன்று செய்திருக்கிறார்கள். என் தனிக்கு முன்னால் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு, இவன் ஜால்ராவை வைத்திருக்கிறார்கள். ஏழு தட்டு. தனியாக. சிங், சிங் என்று. சமம். மௌனம். அதற்குப் பிறகுதான் நான். ஒல்லாந்தில் எவன் கேட்டாலும் முதலில் இவனைக் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கேட்க வேண்டும்.

வெட்டச் சொல் என்று சேவியரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து போடு என்றேன்.

தியாகு வீட்டுக்கு வந்தான். அவனும் கேட்டிருக்கிறான். திண்டாடிக்கொண்டு நின்றான். "அண்ணே, அந்த மௌனம் இருக்கே. அந்த அரை எண்ணிக்கை. அது ஒண்ணு போதும்ணே" என்றான். போடா என்றேன். மேளத்துக்கு வாங்க என்றான். யோசிக்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே தவிலைப் பரணிலிருந்து இறக்கினேன். கிழியவில்லை. யாரோ வாரைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். மருமகளைக் கேட்டேன். தாளக்கார மாமாதான் ஒருநாள் நீங்க தூங்கும்போது வந்து ஏறினாரு என்றாள்.

நன்னிலம் போய்விட்டதா. பார்க்கவேயில்லை. சீக்கிரம் முடிக்கிறேன்.

புதுத் தட்டு அட்டைக்கு அந்தப் பெண் மறுபடி பேர் கேட்டாள். ஜால்ரா வாசித்தவர் பேர் வேண்டும் என்று. தாளம்னு போடச் சொல்லு என்றேன் சேவியரிடம். அது வாத்தியம், ஆள் பேர் வேண்டுமாம் என்றான். நான் யோசித்தேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் யார் கொண்டுவந்து விட்டார்கள், என்ன பேர் சொன்னார்கள், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அன்று முதல் நாளே, ஏ தாளம், இங்க நில்லு என்று சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. நாகசுரக்காரரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தாளம்தானே என்றார்.

இவன் வாசலில் உட்கார்ந்து ஜால்ராவைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தான்.

"உன் பேர் என்னய்யா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா கேப்பனா?"

துலக்குவதை நிறுத்தவில்லை. சொன்னான். அவ்வளவு பெரிய பேர். அந்த ஆளுக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்லை. அவன் அப்பா இதே திருவாரூர்க் கோயிலில் வேண்டிக்கொண்டு, பிறந்த பிள்ளைக்கு, அம்மனும் பிள்ளையும் கூட உட்கார்ந்திருக்கிற அந்தச் சாமி கோலத்தின் பேரையே வைத்தாராம். சேவியர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டான். மூன்று தடவை அடித்துத் திருத்தினான்.

அவன் சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள், அண்ணே, என் பேர் இது என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன காதை மூடிக்கொண்டா இருந்தேன். மன்னிப்பு கேட்டீர்களா என்று நீங்கள் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். எதற்கு. வெட்டியவன் ஸ்டூடியோக்காரன். நகர்த்தியவன் ஒல்லாந்துக்காரன். சிரித்தவன் தியாகு. நான் வாசித்தேன், அவ்வளவுதான். இன்று மாசிக்குப் பிறகு முதல் கல்யாணம். கீழ வீதியில் மண்டபம். நான்தான் நேற்று அவனை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும்.

பாலம் வந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டும். வழி விடுங்கள், முழங்கால் மடங்காது. நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள் உங்கள் காதுக் குழாயை. தட்டுவதானால் ஒழுங்காகத் தட்டுங்கள். முடியாவிட்டால் அரை எண்ணிக்கை சும்மா இருங்கள்.

பாருங்கள், தூங்குகிறான். தவிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். தாளம் என்று ஒரு குரல் கொடுத்தால் எழுந்துவிடுவான், பழக்கம். கண்டக்டர் விசில் ஊதுகிறான். இருய்யா, ஊதாதே, ஒரு ஆள் இறங்கணும், பெரிய ஆள்.

ஊர் வந்துடுச்சு, எழுந்திரு. எழுந்திருய்யா, சோமாஸ்கந்தா.